பத்துக் கோடிக் கோடுகள்

டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுகிறவர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. கோரின் நடுக்கால் குறுக்குப் பரப்பைச் சதுர அங்குலத்தில் அளந்து, 7-ஐ அதால் வகுத்தால், வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்பது வந்துவிடும். பரப்பு 2 சதுர அங்குலமா? வோல்ட்டுக்கு மூன்றரைச் சுற்று. 230 வோல்ட்டுக்கு 805. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு இது நன்றாகவே பொருந்தும். அந்த 7 எங்கிருந்து வந்தது என்று தோண்டிப் பார்த்தால், ‘சதுர அங்குலத்துக்குச் சுமார் 65 கிலோலைன்’ என்று வைத்துப் போட்ட கணக்கில் போய் நிற்கும்.

கிலோலைன் என்றால் ஆயிரம் லைன். லைன் என்றால் கோடுதான். காந்தப்பாயத்தை ஒரு காலத்தில் கோடு கோடாக எண்ணினார்கள்.

எண்ணத் தூண்டியவர் மைக்கேல் ஃபாரடே. காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் அணிவகுப்பதை மெழுகுத்தாளில் பதித்து வைத்தவர் அவர். அந்தக் கோடுகளைக் கம்பி வெட்டும்போது மின்சாரம் பிறக்கிறது என்றும், எத்தனை வெட்டுப்படுகிறதோ அத்தனைக்கு ஏற்றபடி மின்சாரம் கிடைக்கும் என்றும் 1850களின் தொடக்கத்தில் சோதித்துக் காட்டினார். கணிதம் அதிகம் அறியாத ஃபாரடேயின் இந்தச் சித்திரத்துக்கு 1855-56இல் சமன்பாடுகளின் உடலைக் கொடுத்தவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல்.

ஆனால் இரும்புத்தூள் கோடுகளை எப்படி எண்ணுவது? தூளைக் கூடத் தூவினால் கோடும் கூடித் தெரியும். அதனால் ‘ஒரு கோடு’ என்பது ஒப்புக்கொண்ட அளவாக இருந்தாக வேண்டும். 1873இல் பிரிட்டிஷ் அசோசியேஷன் பரிந்துரைத்த சி.ஜி.எஸ். (சென்டிமீட்டர்-கிராம்-நொடி) முறை அதற்கு வழிவிட்டது. பின்னாளில் ஒரு காஸ் என்று பெயர் பெற்ற புலம், ஒரு சதுர சென்டிமீட்டர் வழியே நேர்க்குத்தாகப் போனால் ஒரு கோடு. பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ அரை காஸ். அதற்கு நேர்க்குத்தாகப் பிடித்த 100 சதுர சென்டிமீட்டர் அட்டை வழியே 50 கோடுகள் ஊடுருவும்.

இதன்படி, நொடிக்கு ஒரு கோட்டை வெட்டும் கம்பியில் எழும் மின்னழுத்தம் தந்திக்காரர்களுக்கு எதற்கும் உதவாத அளவு சிறியது. அவர்கள் கையில் இருந்தது டேனியல் மின்கலம். அதன் அழுத்தத்தை ஒட்டி ஓர் அலகு வேண்டுமென்று, சி.ஜி.எஸ். அலகைப் பத்துக் கோடி மடங்காக்கி வோல்ட் என்றார்கள். பழைய புத்தகங்களின் மின்னாக்கிச் சூத்திரங்கள் அனைத்தின் வாலிலும் 10⁻⁸ ஒட்டிக்கொண்டிருப்பது இதனால்தான். காந்தவியலின் குற்றமில்லை, ஒரு மின்கலத்தின் வசதி.

1900இல் பாரிஸில் கூடிய சர்வதேச மின்னியல் மாநாடு கோட்டுக்கு மாக்ஸ்வெல் என்று பெயர் வைத்தது. அமெரிக்க மோட்டார் வடிவமைப்பாளர்கள் அதன் பிறகும் கிலோலைன், மெகாலைன் என்றே எழுதினார்கள். எனக்கு அவர்கள் பக்கம்தான் சாய்வு. கோடு என்றால் கண்ணுக்கு ஏதோ தெரிகிறது.

காந்தப்பாயத்தின் இன்றைய அலகான வெபரின் பாதை இன்னும் வளைந்தது. ஜெர்மனியின் கோட்டிங்கனில் கணிதமேதை காஸோடு சேர்ந்து 1833இல் தந்திக்கம்பி இழுத்த வில்ஹெல்ம் வெபரின் பெயரால், பிரிட்டனில் ஒரு காலத்தில் மின்னோட்டத்தை அளந்தார்கள். 1881 பாரிஸ் மாநாட்டில் அந்த இடம் ஆம்பியருக்குப் போயிற்று. வெபர் அப்போது உயிரோடிருந்தார். இத்தாலியர் ஜியோர்ஜி 1901இல் முன்மொழிந்த மீட்டர்-கிலோகிராம்-நொடி முறையைச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1935இல் ஏற்றபோது, காந்தப்பாயத்தின் அலகாக வெபர் திரும்பி வந்தார். ஒரு சுற்றுக் கம்பியினூடே உள்ள பாயம் ஒரே சீராக ஒரு நொடியில் வடிந்து பூஜ்யமாகும்போது ஒரு வோல்ட் எழுந்தால், அது ஒரு வெபர். வோல்ட்டுக்குள் ஒளிந்திருந்த பத்துக் கோடி இப்போது இங்கே வந்து உட்கார்ந்தது: 1 வெபர் = 10 கோடி மாக்ஸ்வெல். சூத்திரத்தின் வால் அறுந்தது. மாக்ஸ்வெலுக்கு இன்றைய சர்வதேச முறையில் இடமில்லாமல் போனது.

மாற்றுக் கணக்கு சுலபம்தான். நம் 2 சதுர அங்குலக் கோரில் 130 கிலோலைன். அதாவது 1,30,000 மாக்ஸ்வெல், 1.3 மில்லிவெபர். சிக்கல் வேறு இரண்டு இடங்களில். ஒன்று, “இத்தனை காஸ், எத்தனை மாக்ஸ்வெல்?” என்ற கேள்வி. பரப்பைச் சொல்லாமல் இதற்குப் பதிலே கிடையாது. மற்றொன்று, பழைய அட்டவணைகளில் ‘அலகுத் துருவம்’ என்று நிற்கும் ஓர் ஆசாமி. ஓரலகு வலிமையுள்ள துருவத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் புலம் ஒரு காஸ். சுற்றியுள்ள கோளத்தின் பரப்பு 4π சதுர சென்டிமீட்டர். ஆக அதிலிருந்து புறப்படுபவை 12.566 கோடுகள். ஒரு துருவம், ஒரு கோடு என்று நினைத்தவரின் விடை பன்னிரண்டரை மடங்கு தப்பும். மின்னியல் அறிஞர் ஆலிவர் ஹெவிசைட் இந்த 4π-களைத் துரத்த வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டியதில் நியாயம் இருக்கிறது.

கோடு வெறும் கற்பனைதானே என்று ஒதுக்கப் பார்த்தாலும், இயற்கை சும்மா விடவில்லை. மீக்கடத்தி வளையத்தில் சிறைப்பட்ட காந்தப்பாயம் குறிப்பிட்ட சிறு துண்டுகளாகவே இருக்கும் என்பதை 1961இல் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இரு குழுக்கள் தனித்தனியே அளந்து காட்டின. 1967இல் எஸ்மான், டிராய்ப்லே இருவரும் மீக்கடத்திப் பரப்பில் மிக நுண்ணிய காந்தத் துகள்களைப் படியவிட்டு, ஒவ்வொரு பாய இழையும் வெளிவரும் புள்ளியை மின்னணு நுண்ணோக்கியில் படம் பிடித்தார்கள். ஃபாரடேயின் தூளால் முடியாத எண்ணிக்கை இதில் முடிந்தது. ஓர் இழை 2.07 × 10⁻¹⁵ வெபர். பழைய கோடு ஒன்றுக்குள் இவை சுமார் 48 லட்சம் அடங்கும். மீக்கடத்தி நூல்கள் பலவற்றில் இதே மதிப்பு இன்றும் 2.07 × 10⁻⁷ காஸ்–சதுர சென்டிமீட்டர் என்றுதான் அச்சாகிறது. அது மாக்ஸ்வெல்தான், பெயரைச் சொல்லாமல்.