வள்ளிக்கு இரண்டு பெண்கள்

திருநின்றவூர் ஏரிக்குக் கீழே நாற்று நட்ட காலத்தைப் பற்றி மூன்று பெண்களிடம் கேட்டுப் பதிவுசெய்யப் போயிருந்தோம். அரக்கோணம் போகிற மின்ரயில் அடிக்கடி கடந்தது. கேமராவோடு இருக்கும் மைக் ரயிலையும் காக்கையையும்தான் பிடிக்கும். அதனால் சின்ன ரெக்கார்டர் ஒன்றைத் தனியாக ஓடவிட்டு, மைக்கைப் புடவைத் தலைப்பில் குத்தினோம். தொடங்குமுன் ஒருவர் கை தட்ட வேண்டும். படத்தில் உள்ளங்கைகள் சேரும் இடத்தையும் ஒலியில் அந்தத் தட்டல் விழும் இடத்தையும் பொருத்திவிட்டால் மீதி தானாகப் பொருந்தும். இதை விளக்கியதும் ஆயா ஒருவர் கேட்டார்: "அப்ப என் வாயில வேற எவ பேச்ச வேணாலும் வைக்கலாமா?"

வைக்கலாம். எண்பது வருடங்களுக்கு மேலாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

1931இல் 'காளிதாஸ்' வந்தபோது டி.பி.ராஜலட்சுமி கேமரா முன் நின்று தானே பாடினார். அன்று வேறு வழியில்லை. வாத்தியக்காரர்கள் சட்டகத்துக்கு வெளியே ஒளிந்து உட்கார்ந்து வாசித்த காலம் அது. பாட்டைத் தனியே பதிவுசெய்து படத்தோடு சேர்க்க முடியும் என்றானதும், 1938இல் ஏ.வி.மெய்யப்பனின் 'நந்தகுமார்' படத்தில் லலிதா வெங்கடராமனின் குரல் திரையில் வேறொரு நடிகையின் குரலாக ஒலித்தது. 1945இல் 'ஸ்ரீவள்ளி'. வள்ளியாக நடித்த குமாரி ருக்மிணி தன் பாடல்களைத் தானே பாடியிருந்தார். டி.ஆர்.மகாலிங்கத்தின் எட்டுக்கட்டைக் குரலுக்கு அது ஈடாகவில்லை என்று மெய்யப்பன் நினைத்தார். பி.ஏ.பெரியநாயகியைப் பாடவைத்து, எடுத்து முடித்த படத்தில் ருக்மிணியின் உதட்டசைவுக்குப் பொருத்தினார். இதைத் தொழில்நுட்பச் சாதனையாக மட்டுமே சொல்லிப் பழகிவிட்டோம். பெரியநாயகியும் திரையில் நடித்துப் பாடியவர்தான். இரண்டு கலைஞர்கள் சேர்ந்து ஒரு வள்ளியானார்கள். எந்தப் பாதி யாருடையது என்று முடிவு செய்தவர் மூன்றாமவர்.

ஆனால் இந்தப் பிரிப்பு பெண்களுக்கு நட்டம் மட்டுமே என்று என்னால் எழுத முடியவில்லை. 1939இல் கே.சுப்ரமணியத்தின் 'தியாகபூமி'யில் டி.கே.பட்டம்மாள் பாடினார், முகம் காட்டாமல். சினிமாவில் தலைகாட்டினாலே பெண்ணின் பெயர் கெடும் என்றிருந்த நாளில், குடும்பத்துப் பெண் சினிமாவில் பாட அது ஒரு வழி. என்ன பாடுவது என்பதையும் அவரே வரையறுத்தார்: பக்தியும் தேசபக்தியும் மட்டும், காதல் பாட்டு கிடையாது. கேமரா முன் நின்ற ராஜலட்சுமிக்கு அந்தக் காப்பு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பாட்டோடு நிற்கவில்லை, பேச்சும் பிரிந்தது. கையில் தூக்கிப்போகும் ஆரிஃப்ளெக்ஸ் கேமராக்கள் வெளிப்புறப் படப்பிடிப்புக்கு வந்தன. ஓடும்போது தையல் மெஷின் மாதிரி சத்தம். எனவே அங்கே பிடித்த ஒலி வெறும் வழிகாட்டி. உண்மையான வசனம் டப்பிங் அறையில். தமிழ் தெரியாத நடிகைகளை நாயகியாக்குவது இதனால் எளிதாயிற்று. 'பம்பாய்' படத்தில் (1995) மனிஷா கொய்ராலாவின் தமிழ், நடிகை ரோகிணியுடையது. இப்படிக் குரல் கொடுத்த எத்தனையோ பெண்களை நமக்குக் கேட்டால் தெரியும், பார்த்தால் தெரியாது. 'விருமாண்டி' (2004) மாதிரி படப்பிடிப்பிலேயே ஒலியைப் பிடித்த படங்கள் விதிவிலக்குகள்தான்.

2018இல் '96' படத்தில் த்ரிஷாவுக்குக் குரல் கொடுத்தவர் சின்மயி. அதே ஆண்டு, பாலியல் அத்துமீறல் பற்றிப் பொதுவெளியில் பேசிய சில வாரங்களில், டப்பிங் கலைஞர்கள் சங்கம் அவரை நீக்கியது. சந்தா பாக்கி என்றது சங்கம், அவர் மறுத்தார். முகத்தை மாற்றினால் காட்சிகளைத் திரும்ப எடுக்க வேண்டும். குரலை மாற்ற ஒரு சட்டகம்கூடத் திரும்ப எடுக்க வேண்டியதில்லை.

ஆயாவிடம் "உங்க பேச்சுதான் இருக்கும்" என்றேன். அரை மணி நேரம் நடவு, கூலி, வயலெல்லாம் மனையான கதை. பிறகு ஆண்டையைப் பற்றிக் கேட்டதும் நிறுத்தினார். கேமராவைக் காட்டி, "அத்த மூடு. இது ஓடட்டும்" என்று மடியிலிருந்த ரெக்கார்டரைத் தொட்டார்.

அதற்குப் பிறகான நாற்பது நிமிடங்களுக்குப் படம் இல்லை. அந்த ஒலிக்கு எதையும் பொருத்தாமல், கறுப்புத் திரையாகவே விட்டிருக்கிறோம்.