தண்டவாளங்களின் கதை – 14: டோஆய், 462 படிகள்

ஜப்பானில் குன்மா மாநிலத்தின் வடகோடியில், தனிகவா மலையடிவாரத்தில் இருக்கிறது டோஆய் ரயில் நிலையம். டோக்கியோ பக்கம் போகிறவர்களுக்கு நடைமேடை தரைமட்டத்திலேயே இருக்கிறது. எதிர்த்திசையில் நீகாட்டா போகிறவர்கள் மட்டும் பூமிக்குள் 70 மீட்டர் இறங்க வேண்டும். அகழெலியின் பெயரை வைத்து ‘மோகுரா நிலையம்’ என்றே ஜப்பானியர்கள் இதை அழைக்கிறார்கள்.

ஒரே நிலையத்துக்கு ஏன் இப்படி இரண்டு உயரங்கள்?

டோக்கியோவுக்கும் நீகாட்டாவுக்கும் நடுவே பெரும் மலைத்தொடர் குறுக்கே நிற்கிறது. ரயில்கள் அதைச் சுற்றிக்கொண்டுதான் போய்வந்தன. 1931 செப்டம்பரில் 9.7 கி.மீ. நீளமுள்ள ஷிமிஸு சுரங்கம் திறந்ததும் பயணம் கிட்டத்தட்ட 100 கி.மீ. குறைந்தது. கவபாதா யசுனாரியின் ‘பனிநாடு’ நாவல் தொடங்குவது இந்தச் சுரங்கத்தைக் கடக்கும் ரயிலில்தான். சுரங்கத்தின் நீளத்தைக் குறைக்க வேண்டுமானால் மலையில் முடிந்தவரை மேலே ஏறித்தான் குடைய வேண்டும். அதற்காகத் தண்டவாளத்தை வட்டமடித்து ஏற்றினார்கள். அந்த ஏற்றத்தின் முடிவில், ரயில்கள் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நிற்கும் இடமாகத்தான் டோஆய் பிறந்தது. 1936 டிசம்பரில் முறையான நிலையமானது.

அதன்பின் போக்குவரத்து பெருகியது. ஒற்றைப் பாதை போதவில்லை. 1967இல் இரண்டாவது பாதை போட்டபோது வட்டமெல்லாம் வேண்டாம் என்று, அடியாழத்தில் நேராக 13.5 கி.மீ. குடைந்துவிட்டார்கள். வடக்கே போகும் ரயில்கள் அந்தப் புதுச் சுரங்கத்துக்குள் போயின. அவற்றுக்கான நடைமேடையும் சுரங்கத்துக்குள்ளேயே அமைந்தது. ரயிலுக்கு மிச்சமான ஏற்றம் பயணிகளின் கால்களுக்கு வந்து சேர்ந்தது என்பேன்.

நடைமேடையிலிருந்து மேலே போக ஒரே நேர்க்கோட்டில் 462 படிகள். இருபுறமும் சுவரில் கசியும் நிலத்தடி நீர், படியோரக் கால்வாயில் ஓடிக்கொண்டே இருக்கும். ஏறி முடித்தாலும் விடுதலை இல்லை. யுபிஸோ ஆற்றுக்கு மேலாகப் போகும் நீண்ட கூண்டுப்பாதையைக் கடந்து, இன்னும் 24 படிகள் ஏறினால்தான் வாசல். ஊழியர்கள் இருந்த காலத்தில், ரயில் புறப்பட 10 நிமிடம் இருக்கும்போதே நீகாட்டா பக்கப் பயணிகளுக்கான நுழைவை மூடிவிடுவார்கள். அதற்குமேல் வந்தவர் எவ்வளவு ஓடினாலும் ரயிலைப் பிடிக்க முடியாது. படிக்கட்டை ஒட்டி, நகரும் படிக்கட்டு போடுவதற்கென்று விட்ட இடம் இன்றும் வெறுமையாகத்தான் கிடக்கிறது.

இவ்வளவு ஆழத்திலும் கூட்டம் வந்தது. மலையேறிகள் டோக்கியோவின் உவேனோ நிலையத்திலிருந்து இரவு ரயிலில் வந்து, மூட்டைகளைச் சுமந்தபடி இதே படிகளில் ஏறினார்கள். தனிகவாவின் உயரம் 1,977 மீட்டர்தான். ஆனால் அதன் செங்குத்துப் பாறைகளிலும் பனியிலும் இறந்தவர்கள் 800 பேருக்கு மேல். அந்த மரணக் கணக்கு தொடங்குவது 1931இல், ரயில் வந்த அதே ஆண்டில். தலைநகரத்து இளைஞர்களுக்கு மலையை ஓர் இரவுத் தூரத்தில் கொண்டுவந்து வைத்தது இந்தப் பாதைதான். டோஆயின் வரலாற்றை எழுதுகிறவர்கள் சுரங்க நீளத்தோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. இந்தக் கணக்கையும் சேர்த்தே எழுத வேண்டும்.

1982இல் ஜோயெட்ஸு ஷின்கான்சென் வந்தது. 22 கி.மீ. நீளத்தில் இன்னொரு சுரங்கம் தோண்டி, அதிவேக ரயில்கள் மலையைக் கடந்தன. டோஆய் வழியே போன விரைவு வண்டிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. 1985இல் ஊழியர்களும் போய்விட்டார்கள். இன்று இரு திசையிலும் நாளுக்குச் சில உள்ளூர் ரயில்கள்தான் நிற்கின்றன. வந்து இறங்குகிறவர்களில் பலர் படிகளை எண்ணிப் பார்க்கவே வருகிறார்கள். அவர்களை நம்பி, 2020இல் பழைய நிலைய அலுவலக அறையில் ஒரு காபிக்கடையும் திறந்திருக்கிறார்கள்.

(தொடரும்)