குளிர் மட்டும் இருந்தால் பனி வளருமா?



வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றி வருகிறது. "காரகோரம் மலையில் பல பனியாறுகள் சுருங்கவில்லை, சில வளர்கின்றன. எனவே பூமி சூடாகிறது என்பது பொய்" என்கிறது அது. முதல் பாதியில் உண்மை உண்டு. கோளாறு "எனவே" என்ற சொல்லில்தான் இருக்கிறது. அதை விளக்கப் பனியுகத்தின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பதிவு நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

ஐரோப்பாவின் பெரும்பகுதி ஒரு காலத்தில் பனிக்கடியில் கிடந்தது என்று 1837இல் உரக்கச் சொன்னவர் சுவிட்சர்லாந்தின் லூயி அகாசி. ஏன் அப்படி நடந்தது என்பதற்குக் கணக்குப் போட்டவர் செர்பிய நாட்டு மிலுட்டின் மிலன்கோவிச். பூமியின் சுற்றுப்பாதையும் அச்சின் சாய்வும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல மாறுகின்றன. அதனால் வடக்கே கோடை வெயில் குறையும் காலங்களில் பனி உருகாமல் தங்கிப் பெருகுகிறது. இந்தக் கணக்கு 1941இல் அவருடைய பெரிய நூலாக வந்தது.

கடைசிப் பனியுகத்தின் உச்சம் சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன். அப்போது கனடா முழுவதையும் ஏறக்குறைய மூடிய பனிப்போர்வை சில இடங்களில் 3 கிலோமீட்டர் தடிமன் இருந்தது. தெற்கே இன்றைய நியூயார்க் வரை அது வந்தது. இவ்வளவு நீர் பனியாக நிலத்தில் தங்கியதால் கடல் மட்டம் சுமார் 120 மீட்டர் தாழ்ந்தது. பாக் நீரிணை ஆழமில்லாதது அல்லவா? அன்று அது தரை. ராமேஸ்வரத்திலிருந்து இலங்கைக்கு நடந்தே போகலாம்.

இங்கே ஒரு கேள்வி. கனடாவை விடவும் குளிரான இடம் கிழக்கு சைபீரியா. இன்றும் அங்கே வெர்கோயான்ஸ்க் என்ற ஊரில் குளிர்காலத்தில் உறைநிலைக்குக் கீழே 60 டிகிரிக்கும் மேல் போனதுண்டு. அப்படியானால் பனியுக உச்சத்தில் அங்கேதான் மிகப்பெரிய பனிப்போர்வை இருந்திருக்க வேண்டும். ஆனால் இல்லை! மலைகளில் மட்டும் பனியாறுகள் இருந்தன. சமவெளி வறண்ட புல்வெளி, அதில் மம்மூத் யானைகள் மேய்ந்தன.

காரணம் எளிது. பனியாறு என்பது வங்கிச் சேமிப்பு மாதிரி. பொழியும் பனி வரவு, உருகும் பனி செலவு. குளிர் செலவைக் குறைக்கும், ஆனால் வரவைத் தராது. வரவு ஈரக்காற்றிலிருந்து வர வேண்டும். சைபீரியாவுக்கு அந்தக் காற்று வந்து சேரவில்லை. வட ரஷ்யாவிலேயே பாருங்கள்: சுமார் 90,000 ஆண்டுகளுக்கு முன் பனிப்போர்வை கிழக்கே வெகுதூரம் பரவியிருந்தது. 20,000 ஆண்டுகளுக்கு முன் அதே பகுதியில் அது சுருங்கிக் கிடந்தது. மேற்கே ஸ்காண்டிநேவியாவில் பெருகி நின்ற பனி, அட்லாண்டிக்கிலிருந்து வந்த ஈரத்தை வழியிலேயே வாங்கிக்கொண்டது. வால்பாறைப் பக்கம் கொட்டித் தீர்க்கும் தென்மேற்குப் பருவமழை கோயம்புத்தூர்ப் பக்கம் வரும்போது மெலிந்துபோகிறதே, அதே மழை மறைவுப் பாடம்தான்.

நம் நாட்டு இமயமலை இதற்கு இன்னும் நல்ல சான்று. அங்கே தென்பகுதிப் பனியாறுகளுக்குப் பெரும்பாலான வரவு கோடையில், பருவமழையாக வருகிறது. கீழே மழை, உச்சியில் பனி. பனியுக உச்சத்தில் நிலமும் கடலும் குளிர்ந்ததால் பருவக்காற்றே தளர்ந்தது. அதனால் உலகமே மிகக் குளிர்ந்திருந்த அந்த நேரத்தில், இமயத்தின் பல பள்ளத்தாக்குகளில் பனியாறுகள் அதிக தூரம் இறங்கவில்லை. அதற்கு முன்பே, பருவமழை வலுவாக இருந்த காலத்தில்தான் அவை வெகுதூரம் வந்திருக்கின்றன. கங்கோத்ரி பனியாறு இன்றைய கோமுகத்திலிருந்து சுமார் 40 கி.மீ. கீழே ஜாலா என்ற ஊர் வரை நீண்ட கட்டம், சுமார் 63,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். லடாக்கிலோ மிகப் பெரிய பனிப்பரவல் 4,00,000 ஆண்டுகளுக்கும் முந்தியது. அதன் பின் ஒவ்வொரு முறையும் அது சிறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. இடையில் உள்ள மலைகள் உயர உயர, ஈரக்காற்று அங்கே போவது குறைந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நம் திருக்கோவிலூரில் தென்பெண்ணை நடுவே நிற்கும் கபிலர் குன்றை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். அது எந்தப் பனியாறும் கொண்டுவந்து வைத்ததல்ல. லடாக்கில் கிடக்கும் பாறைகள் பல, பனியாறு சுமந்து வந்து இறக்கிவிட்டுப் போனவை. வெளியே கிடக்கும் பாறைமேல் விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் படப்பட, அதில் பெரிலியம்-10 என்ற அணு துளித்துளியாகச் சேரும். அதை அளந்தால் பாறை எத்தனை ஆண்டுகளாக வெளியில் கிடக்கிறது என்று தெரிந்துவிடும்.

பருவமழை தளர்ந்ததற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. நீலகிரியின் சதுப்பு நிலங்களில் செடிகள் மக்கிப் படிந்த கரிமண்ணை, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்து 1993இல் வெளியிட்டார்கள். பனியுக உச்சத்தில் அந்த மலையில் வறட்சி தாங்கும் புல் வகைகளே மிகுந்திருந்தன என்று அந்த மண் சொல்லியது. ஊட்டியில் பனியாறு இல்லை. ஆனால் இமயத்துப் பனியாற்றின் வரவுக் கணக்கில் ஒரு பக்கம் ஊட்டி மண்ணில் எழுதப்பட்டிருக்கிறது!

இனி காரகோரத்துக்கு வருவோம். அங்கே வரவின் பெரும்பகுதி குளிர்காலத்தில் மேற்கத்திய இடையூறுகள் கொண்டுவரும் பனி. உயரமும் அதிகம். ஆகவே அதன் கணக்கு கங்கோத்ரியின் கணக்கு அல்ல. ஒரு வீட்டில் சேமிப்பு குறையவில்லை என்பதால் தெருவில் யாருக்கும் கடன் இல்லை என்று சொல்ல முடியுமா? இந்துகுஷ் இமயமலைத் தொடர் முழுவதையும் சேர்த்துப் பார்த்த இசிமோட் நிறுவனம், 2011 முதல் 2020 வரை பனி இழப்பின் வேகம் அதற்கு முந்தைய பத்தாண்டை விட 65 சதவீதம் கூடியதாக 2023இல் அறிவித்தது. சிந்து, கங்கை, பிரம்மபுத்திரா கரைகளில் கோடிக்கணக்கானவர்களின் குடிநீரும் சோறும் இதில் அடங்கியிருக்கிறது.

நம் தென்பெண்ணைக்குப் பனியாறு என்ற சேமிப்பே கிடையாது. வருகிற மழைதான் எல்லாம். வானிலையைப் பற்றிய செய்தி எது வந்தாலும், "எந்த இடம்? எந்தக் காலம்? வரவா, செலவா?" என்று கேட்டுவிட்டுப் பிறகு அடுத்தவருக்கு அனுப்புங்கள். சந்தேகம் இருந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர், திருக்கோவிலூர்.