தோற்கும் அணிக்கு பழைய கோச் திரும்பினால் கைகொடுக்குமா? அமெரிக்க கல்லூரி ஃபுட்பால் சொல்லும் பதில்

அமெரிக்க கல்லூரி ஃபுட்பாலில் ஒரு அணி தொடர்ந்து தோற்றால் ரசிகர்கள் கேட்கும் கேள்வி: "பழைய கோச்சையே கூப்பிட்டா என்ன?" (இது நம்மூர் கால்பந்து இல்லை; முட்டை வடிவ பந்தைக் கையில் பிடித்து ஓடும் ஆட்டம்.)

கைகொடுத்தது எங்கே?

கன்சாஸ் ஸ்டேட் அணியின் பில் ஸ்னைடர் 2005-ல் ஓய்வு பெற்றார். அடுத்து வந்தவர் 3 சீசன்தான் தாங்கினார். 2009-ல் ஸ்னைடர் திரும்பினார். 2012-ல் ஓக்லஹோமாவோடு சேர்ந்து பிக் 12 லீக் பட்டம் வென்றது அணி.

சறுக்கியது எங்கே?

2017-ல் யுசிஎஃப் அணி 13 போட்டியிலும் ஜெயித்தது. கோச் ஸ்காட் ஃப்ராஸ்ட். அடுத்து நெப்ராஸ்கா போனவருக்கு 16 வெற்றி, 31 தோல்வி. 2024 டிசம்பரில் யுசிஎஃப் மறுபடி அழைத்தது. 2025 சீசனில் கிடைத்தது 5 வெற்றி, 7 தோல்வி.

என்ன மாறியது?

யுசிஎஃப் 2023 முதல் வலுவான பிக் 12 லீக்கில் ஆடுகிறது. 2021 முதல் வீரர்கள் விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். ஒரு வருடம் காத்திருக்காமல் வேறு கல்லூரிக்கும் மாறலாம். வருஷக்கணக்கில் பொறுமையாக அணி கட்டுவது இப்போது கஷ்டம்.

ஆக, 'அன்று ஜெயித்தாரா?' என்பதைவிட, 'அன்று ஜெயிக்க வைத்த சூழல் இன்றும் இருக்கிறதா?' என்பதே கேட்க வேண்டிய கேள்வி.