வரிமீனும் வரம்பும்

மாசசூசெட்ஸ் குடியேற்றம் நிலைபெற்றுப் பத்தாண்டுகளும் நிறையாத 1639 ஆம் ஆண்டில், அதன் பேரவை ஓர் ஆணை பிறப்பித்தது. காட் மீனையும் பாஸ் மீனையும் வயலுக்கு எருவாக இடலாகாது என்பதே அவ்வாணை. மாணவர்களே, இச்சிறிய ஆணையிலிருந்து இரண்டு செய்திகள் புலனாகின்றன. மீன் அங்கே எருக்குழியில் கொட்டும் அளவுக்கு மலிந்திருந்தது என்பது ஒன்று. அம்மலிவு என்றும் நிலைக்குமென்று நம்பாதவர்களும் அங்கே இருந்தனர் என்பது மற்றொன்று. ஆற்றலும் அச்சமும் ஒருங்கே தோன்றுமிடத்தில்தான் நல்ல சட்டம் பிறக்கிறது.

அடுத்த தலைமுறையில், 1670 ஆம் ஆண்டில், அண்டையிலிருந்த பிளிமத் குடியேற்றம் இன்னொரு முடிவு செய்தது. காட் முனைக் கடலில் பாஸ், கானாங்கெளுத்தி முதலிய மீன்களைப் பிடிப்பதால் ஆண்டுதோறும் கிடைக்கும் வருவாயைக் கொண்டு ஓர் இலவசப் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. பள்ளிக்கூடத்திலேயே வாழ்நாளைக் கழித்த என் போன்றோர்க்கு இச்செய்தி தனி இன்பம் தருவது. கடல் ஈந்த செல்வம் பிள்ளைகளின் கல்விக்கு என்று கருதியவர்கள், அச்செல்வம் வருங்காலத்தார்க்கும் உரியது என்பதை ஓரளவேனும் உணர்ந்திருந்தனர்.

அந்தப் பாஸ் மீன் எது? ஆங்கிலத்தில் அதனை ஸ்டிரைப்டு பாஸ் என்பர். வெள்ளிநிற விலாவில் ஏழெட்டுக் கரிய வரிகள் நீளவாட்டில் ஓடுவதால் நாம் அதனை வரிமீன் என்றே அழைப்போம். கடலில் வாழ்ந்து, இனம் பெருக்க ஆற்றை நாடும் மீன்களுள் அஃது ஒன்று. இளவேனிற்காலத்தில் நன்னீர் ஆறுகளில் ஏறிச் சினையிடும். முட்டைகள் ஏறத்தாழ இரண்டு நாள் ஓடும் நீரில் மிதந்து பொரிய வேண்டும். மேரிலாந்து, விர்ஜீனியா மாநிலங்களுக்குள் நீண்டு கிடக்கும் செசபீக் விரிகுடாவில் வந்து கலக்கும் ஆறுகளே அட்லாண்டிக் கரை வரிமீன்களுள் பெரும்பகுதிக்குத் தாய்வீடு. பெண்மீன் சினையிடும் பருவம் எய்த நான்கு முதல் எட்டு ஆண்டுகள் ஆகும். பருத்த தாய்மீன்கள் கோடையில் வடக்கே நியூ இங்கிலாந்துக் கரை வரை சென்று மேய்ந்து, குளிர் வந்ததும் தெற்கே திரும்பும். இளமீன்கள் விரிகுடாவிலேயே சில ஆண்டுகள் தங்கும். இவ்வாழ்க்கை முறையை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னால் வரும் சட்டங்களின் காரணம் விளங்கும்.

உணவுக்காகப் பிடித்த மீனை இன்பத்துக்காகவும் பிடிக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெருகிற்று. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1864 ஆம் ஆண்டில், நியூயார்க்குச் செல்வர் சிலர் மாசசூசெட்ஸ் கரையை அடுத்த கட்டிஹங்க் தீவில் ஒரு மீன்பிடிக் கழகம் நிறுவினர். அலை மோதும் பாறைகளின்மேல் மேடைகளும், அவற்றை அடையப் பலகைப் பாதைகளும் அமைத்தனர். எந்த மேடை எவர்க்கு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தனர். கல்லிறாலின் வால்தசையே இரை. இத்தகைய கழகங்கள் வேறு சில இடங்களிலும் தோன்றின. ஆயினும், அந்நூற்றாண்டு முடிவதற்குள் அக்கரையில் மீன் அருகிற்று, கழகங்களும் பொலிவிழந்தன. மேடைக்குச் சீட்டுக் குலுக்கியது மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையே நேர்மை காத்தது. மனிதனுக்கும் மீனுக்கும் இடையே நேர்மை காக்கும் விதி உருப்பெற இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இயந்திரப் படகும் நைலான் கயிறும் மலிந்தன. செல்வர்க்கே உரியதாயிருந்த பொழுதுபோக்கு எளியோர்க்கும் கிட்டியது. வலைஞர் ஒருபுறமும் தூண்டிற்காரர் ஒருபுறமுமாக வரிமீனை நாடினர். 1973 ஆம் ஆண்டில் வணிக மீன்பிடிப்பு ஏறத்தாழ 1 கோடியே 47 இலட்சம் இராத்தல் என்னும் உச்சத்தை எட்டியது. பத்தே ஆண்டுகளில் அது கால்பங்குக்கும் கீழாக வீழ்ந்தது. அளவுமீறிப் பிடித்தமையும், ஆறுகளின் நீர் கெட்டமையும் காரணங்களாக ஆராயப்பட்டன. விதைநெல்லையும் குத்தி உண்ட குடும்பத்தின் நிலை அக்கரைக்கு வந்தது.

அமெரிக்கப் பேரவை 1979 ஆம் ஆண்டில் இம்மீனைப்பற்றி அவசர ஆய்வுக்கு வழி செய்து, 1984 ஆம் ஆண்டில் அட்லாண்டிக் வரிமீன் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. மீன் மாநில எல்லையை அறியாது; ஒரு மாநிலம் காப்பதை மற்றொரு மாநிலம் பிடித்துவிடும். ஆதலின், கரையோர மாநிலங்களின் பொதுத்திட்டத்தைப் பின்பற்றாத மாநிலத்தில் மீன்பிடிப்பையே நிறுத்தும் அதிகாரத்தை மைய அரசுக்கு அச்சட்டம் அளித்தது. மேரிலாந்தும் டெலாவரும் 1985 ஆம் ஆண்டில் வரிமீன் பிடிப்பை முற்றிலும் நிறுத்தின. விர்ஜீனியா 1989 ஆம் ஆண்டில் நிறுத்தியது.

இத்தடையின் நோக்கம் மிக நுட்பமானது. 1982 ஆம் ஆண்டில் பிறந்த மீன்குஞ்சுகள், முன்பின் ஆண்டுகளை நோக்க ஓரளவு மிகுதியாயிருந்தன. அவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பெண்மீன்கள் ஒருமுறையேனும் சினையிடும்வரை அந்தத் தலைமுறையைக் காப்பது என்று முடிவு செய்தனர். அதற்காக விரிகுடாவின் வலைஞர்கள் ஐந்தாண்டுகள் வரிமீன் வருவாயை இழந்தனர். தூண்டிற்காரன் இழந்தது பொழுதுபோக்கு. வலைஞன் இழந்தது சோறு. இவ்வேறுபாட்டை வரலாறு படிப்போர் மறத்தலாகாது.

தியாகம் வீண்போகவில்லை. 1990 ஆம் ஆண்டில் மீன்பிடிப்பு அளவோடு மீண்டும் தொடங்கியது. 1995 ஆம் ஆண்டில் வரிமீன் இனம் மீண்டுவிட்டதாக அறிவிக்கப்பட்டது. மேரிலாந்து அரசினர் 1954 முதல் ஆண்டுதோறும் சூலை, ஆகஸ்டு, செப்டம்பர்த் திங்களில் நூறடி நீள வலையைக் கரையோரம் வளைத்திழுத்து, அவ்வாண்டுக் குஞ்சுகளை எண்ணி வருகின்றனர். ஒரு வலைவீச்சுக்குச் சராசரி இத்தனை என்பது கணக்கு. 1996 ஆம் ஆண்டில் அவ்வெண் 59.4 ஆயிற்று. அத்தகைய பெருக்கம் அதற்குமுன் கண்டதில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் இனிதாயிருக்கும். மீன் மீண்டதும் தூண்டிற்காரர் பெருகினர். 2017 ஆம் ஆண்டுக் கணக்கை நோக்குங்கள். மனிதரால் மாண்ட வரிமீன்களுள் வணிகரின் பங்கு பத்தில் ஒன்றளவே. எஞ்சியவை பொழுதுபோக்குத் தூண்டிலின் பங்கு. அதனினும் வியப்பானது, மாண்டவற்றுள் ஏறத்தாழப் பாதி, கரைக்குக் கொண்டுவரப்படாதவை. தூண்டிலில் சிக்கி, மீண்டும் நீரில் விடப்பட்டு, பின்னர் இறந்தவை. விடப்பட்ட மீன்களுள் நூற்றுக்கு ஒன்பது இறக்கும் என்பது அறிஞர் கொண்டுள்ள சராசரி. கோடிக்கணக்கில் பிடித்து விடும்பொழுது அவ்வொன்பதும் பெருந்தொகையாகிறது. நல்லெண்ணத்தோடு விட்டவனும் தன்னை அறியாமல் கொன்றவனாகிறான்.

கோடையில் இக்கேடு மிகுகின்றது. வெப்பம் ஏற ஏற நீரிற் கரையும் பிராணவாயு குறைகிறது. மீனின் உடலுக்கோ அப்பொழுதுதான் அது மிகுதியாக வேண்டும். வயல்களிலிருந்து வழிந்தோடி வரும் உரத்தால் விரிகுடாவில் பாசி செழித்து, மடிந்து, அழுகுகிறது. அழுகலால் ஆழத்து நீரில் பிராணவாயு அற்றுப்போகிறது. மேலே சுடுநீர், கீழே மூச்சற்ற நீர். இடையிலுள்ள குறுகிய அடுக்கில் வரிமீன் ஒடுங்குகிறது. அந்நிலையில் தூண்டிலோடு போராடிக் களைத்து, சுடுங்காற்றில் தூக்கிப் பிடிக்கப்பட்ட மீன், மீண்டும் நீர் சேர்ந்தாலும் பிழைப்பது அரிது.

ஆதலின் அண்மைக்காலச் சட்டம் வெப்பமானியைக் கையில் ஏந்தி வருகிறது. கோடை நாள்களின் வெப்பத்தை முன்கூட்டிக் கணித்து, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கொடி குறித்து வெளியிடும் முறையை மேரிலாந்து அரசினர் மேற்கொண்டனர். 95 பாகை பாரன்ஹீட்டோ அதற்கு மேலோ எதிர்பார்க்கப்படும் நாள் சிவப்பு. அன்று காலை பத்து மணிக்குமேல் வரிமீனை நாட வேண்டா என்பது அறிவுரை. 2021 ஆம் ஆண்டில் சூலை 16 முதல் 31 வரை, பிடித்து விடுவதற்காகக்கூட அம்மீனை நாடலாகாது என்று விரிகுடாவில் தடை விதித்தனர். அவ்வாண்டு முதல் கரைநெடுக, இரையிட்டுப் பிடிப்போர் வட்டமுள்ளையே பயன்படுத்த வேண்டுமென்ற விதியும் வந்தது. நேர்முள் குடலில் தைக்கும். வட்டமுள் பெரும்பாலும் வாயோரத்தில் தைப்பதால் மீன் பிழைக்க வாய்ப்பு மிகுதி.

அளவு விதியும் மாறியது. சிறு மீனை விட்டுப் பெரு மீனைக் கொள்க என்பது பழைய முறை. பெரிய தாய்மீனே மிகுந்த முட்டையிடுவது என்பதை உணர்ந்தபின், 2020 ஆம் ஆண்டில் கடற்பகுதியில் 28 அங்குலத்துக்குக் குறைந்ததும் ஆகாது, 35 அங்குலமும் அதற்கு மேற்பட்டதும் ஆகாது, ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரே மீன் என்று வரம்பிட்டனர். 2023 ஆம் ஆண்டில் மேல்வரம்பை 31 அங்குலமாக இறக்கினர். 2015 ஆம் ஆண்டில் பிறந்த வலிய தலைமுறையைக் காப்பது அதன் நோக்கம். 1982 ஆம் ஆண்டுத் தலைமுறையைக் காத்த அதே எண்ணம், நாற்பதாண்டுகளுக்குப்பின் மீண்டும் தோன்றியதைக் காண்கிறோம்.

இம்முறை வெற்றி இன்னும் உறுதியாகவில்லை. அவ்வாண்டு 2023 இல் குஞ்சுக் கணக்கு, வலைவீச்சுக்கு 1.0 என்னும் அளவுக்கு வீழ்ந்தது. இனத்தை 2029 ஆம் ஆண்டுக்குள் மீட்பது என்பது மாநிலங்கள் வகுத்துக்கொண்ட இலக்கு. ஆற்றின் வெம்மையையும் மழையையும் சட்டம் ஆள இயலாது. மனிதன் கையைத்தான் ஆள இயலும்.

மாணவர்களே, எருக்குழிக்கு 1639 ஆம் ஆண்டிலும், வலைக்கு 1985 ஆம் ஆண்டிலும், இன்பத்துக்கு நம் காலத்திலும் சட்டம் வரம்பு கட்டியது. வீணாக்குவோனைத் தடுப்பது எளிது. பிழைப்புக்காகப் பிடிப்போனை நிறுத்துவது கடினம். ஆயினும் செசபீக் வலைஞர் பொறுத்தனர். தீங்கு செய்கிறோம் என்றே அறியாத நல்லவனைத் தடுப்பதுதான் எல்லாவற்றினும் கடினம். சோற்றை இழந்து வலைஞன் காத்த மீனுக்காக, பொழுதுபோக்குவோன் கோடையின் சில நாள்களை விட்டுக்கொடுத்தல் பெரிதன்று. அதனை அவன் மனமுவந்து செய்வானாயின், காவலர் இல்லாத கடலிலும் சட்டம் நிற்கும்.