திருவனந்தபுரத்தில் ஓர் அமெரிக்க விருந்தினர்

கழக்கூட்டத்தை அடுத்த செம்பழந்தியிலே 1856-இல் நாராயண குரு பிறந்தார். சாதியின் பெயரால் கோயிலும் பள்ளியும் பலர்க்கு மறுக்கப்பட்ட மண் அது. திருவிதாங்கூர் அரசின் கோயில்கள் ஒடுக்கப்பட்ட இந்துக்களுக்குத் திறக்கப்பட்டது 1936-இலேதான். அம்மண்ணின் தலைநகராம் திருவனந்தபுரத்திற்கு, 1959-இல், மார்ட்டின் லூதர் கிங் வந்தார். மாண்ட்கோமரி நகரப் பேருந்துகளில் நிலவிய நிறவேற்றுமையை எதிர்த்து வென்ற அவர், காந்தியடிகள் பிறந்த நாட்டைக் காண விழைந்து துணைவியார் கொரெட்டாவுடன் ஒரு திங்கள் இந்தியாவில் சுற்றினார்.

இந்நகரில் அவரை ஒரு பள்ளிக்கு அழைத்துச் சென்றனர். தீண்டாதார் எனப்பட்டோரின் பிள்ளைகளே அங்கு மிகுதி. தலைமையாசிரியர், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் இவரும் உங்களைப் போல் ஒரு தீண்டாதாரே என்று மாணவர்க்கு அறிமுகம் செய்தார். கிங் திடுக்கிட்டார், சற்றே சினமும் கொண்டார். தலைமை அமைச்சர் நேருவுடன் விருந்துண்டவர் அல்லரோ! பின்னர், தம் நாட்டில் வறுமையிலும் சேரிகளிலும் அடைபட்டுக் கிடந்த இரண்டு கோடிக் கறுப்பின மக்களை எண்ணினார். ஆம், நானும் தீண்டாதானே என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். 1965 ஜூலை 4 அன்று, அமெரிக்க விடுதலை நாளில், அட்லாண்டா திருச்சபையில் இதனை அவரே எடுத்துரைத்தார்.

தலைமையாசிரியர் இகழ்ந்துரைத்தார் என்று நாம் கருதவில்லை. உறவு கொண்டாடினார் என்றே கருதுகிறோம். ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு அந்தத் திடுக்கீடு விளங்காததன்று.

அப்பயணத்திலேயே கிங் குமரிமுனைக்கும் சென்றார். அது தமிழகத்தோடு இணைந்து மூன்றாண்டும் நிறையாத காலம். கடலோரப் பாறையொன்றில் அமர்ந்து, மேற்கே கதிரவன் மறைவதையும் கிழக்கே முழுமதி எழுவதையும் ஒருங்கே கண்டார்.