வட நார்ஃபோக்: பண்ணைத் தொழிலாளர் வாக்கின் வரலாறு

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் வட கடலை நோக்கி அமைந்த நார்ஃபோக் என்னும் கவுண்டியின் வடபகுதி 1885ஆம் ஆண்டில் ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் நாடாளுமன்றத் தொகுதியாக வகுக்கப்பட்டது. கிராமப்புற இங்கிலாந்து என்றாலே கன்சர்வேட்டிவ் கட்சியின் கோட்டை என்று கொள்வது பரவலான வழக்கம். வட நார்ஃபோக்கோ முதலில் லிபரல் கட்சியைத் தேர்ந்தெடுத்தது. பின்னர் 1922 முதல் 1931 வரையிலும், 1945 முதல் 1970 வரையிலும் தொழிற்கட்சியின் கையில் இருந்தது. நிலக்கரிச் சுரங்கமோ நெசவாலையோ பெரிய துறைமுகமோ இல்லாமல், கோதுமையும் பார்லியும் விளையும் வயல்களுக்கு நடுவே தொழிற்கட்சி இப்படி வேரூன்றியதற்கான காரணத்தை அங்கு நிலம் எவரிடம் இருந்தது என்பதிலும், அந்நிலத்தில் உழைத்தவர்கள் தமக்கென அமைத்துக்கொண்ட சங்கத்திலும் தேட வேண்டும்.

நார்ஃபோக்கின் வேளாண்மை பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஐரோப்பா எங்கும் பேர் பெற்றிருந்தது. முதலாண்டு கோதுமை, இரண்டாமாண்டு டர்னிப் கிழங்கு, மூன்றாமாண்டு பார்லி, நான்காமாண்டு குளோவர் என்னும் தீவனப்பயிர் என்று மாறி மாறி விதைத்து, நிலத்தைத் தரிசாக விடாமல் பயன்படுத்தும் நான்கு பயிர்ச் சுழற்சி முறை இக்கவுண்டியின் பெயராலேயே அறியப்படுகிறது. டர்னிப் வயலில் ஆடுகளைக் கிடை போட்டு மேய்த்தபோது மெலிந்த மணற்பாங்கான மண்ணுக்கு உரம் கிடைத்தது. அந்த உரத்தில் விளைந்த பார்லி மதுவடிப்புக்கான மால்ட் தயாரிப்போரிடம் நல்ல விலைக்குப் போயிற்று. வடகரையில் உள்ள ஹோல்கம் பெருநிலத்தின் உடைமையாளர் தாமஸ் வில்லியம் கோக் (1754–1842) நீண்டகாலக் குத்தகைகளை வழங்கியும், ஆண்டுதோறும் செம்மறி ரோமக் கத்தரிப்பை ஒட்டி வேளாண் கூட்டங்களை நடத்தியும் இம்முறையைப் பரப்பினார். வரலாற்று நூல்கள் கோக்கையும் அவரைப் போன்ற நிலக்கிழார்களையும் விரிவாகப் புகழ்கின்றன. டர்னிப் வரிசைகளைக் களைந்து, கலைத்து, உறைபனிக்காலத்தில் கிழங்கைப் பிடுங்கிய ஆண், பெண், குழந்தைகளின் உழைப்பு அதே நூல்களில் ஓரிரு வரிகளுக்கு மேல் இடம்பெறுவதில்லை. இம்முறையின் முழுப் பாரத்தையும் சுமந்தவர்கள் அவர்களே.

இந்த வேளாண்மை மூன்று அடுக்குகளைக் கொண்ட ஒரு சமூகத்தை உருவாக்கிற்று. மேலே நிலக்கிழார்; நடுவில் பல நூறு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடும் பண்ணையார்; அடியில் வாரக்கூலிக்கு வேலை செய்யும் நிலமற்ற தொழிலாளர். டெவன் கவுண்டியிலோ கம்பர்லாந்தின் மலைச்சரிவுகளிலோ குடும்ப உறுப்பினர்களே உழைக்கும் சிறு பண்ணைகள் மிகுதி. அங்கு முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான கோடு தெளிவாக விழவில்லை. நார்ஃபோக்கில் அக்கோடு ஆழமாக விழுந்தது. பல தொழிலாளர் குடியிருந்த வீடும் பண்ணையாருக்கே உரியது என்பதால், வேலை போனால் வீடும் போயிற்று. ஏழை நிவாரண வரியைக் குறைக்கும் நோக்கில் சில நிலக்கிழார்கள் தம் ஊர்களில் தொழிலாளர் வீடுகள் பெருகவிடாமல் தடுத்தனர். அதனால் பலர் தொலைவிலுள்ள நெரிசலான கிராமங்களிலிருந்து பல மைல் நடந்து வேலைக்கு வர நேர்ந்தது.

1870களின் இறுதியில் அமெரிக்கப் புல்வெளிகளின் கோதுமை நீராவிக் கப்பல்களில் வந்து குவியத் தொடங்கியதும் தானிய விலை வீழ்ந்தது. பண்ணையார்கள் தம் இழப்பைக் கூலியைக் குறைத்து ஈடுசெய்தனர். ஜோசப் ஆர்ச் 1872இல் நிறுவிய தேசிய வேளாண் தொழிலாளர் சங்கம் கிழக்குக் கவுண்டிகளில் வேகமாகப் பரவி, பின்னர் நலிந்தது. அதே 1872இல் இரகசிய வாக்கெடுப்பு சட்டமாயிற்று. 1884ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் கிராமப்புறக் குடும்பத் தலைவர்களுக்கு முதன்முறையாக வாக்குரிமை அளித்தது. மறு ஆண்டுத் தேர்தலில் அண்டைத் தொகுதியான வடமேற்கு நார்ஃபோக்கில் ஆர்ச்சே வென்றார். வட நார்ஃபோக்கில் லிபரல் கட்சியின் வழக்குரைஞர் ஹெர்பர்ட் கோசன்ஸ்-ஹார்டி வென்று 1899 வரை உறுப்பினராக இருந்தார். அரசின் ஆதரவு பெற்ற இங்கிலாந்துத் திருச்சபைக்கு வெளியே நின்ற மெதடிஸ்டு சபைகள், குறிப்பாக ஏழைகளிடையே பரவிய பிரிமிட்டிவ் மெதடிஸ்டு பிரிவு, இவ்வரசியலுக்கு அடித்தளமாயின. ஞாயிறன்று சிற்றாலயத்தில் பிரசங்கம் செய்து பேச்சிலும் கணக்குவழக்கிலும் பழகிய தொழிலாளியே வாரநாளில் சங்கக் கிளையின் செயலாளராகவும் இருந்தார்.

ஜார்ஜ் எட்வர்ட்ஸ் அத்தகையவர். அவர் 1850இல் மார்ஷம் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய தந்தை பசியில் வாடிய பிள்ளைகளுக்காகச் சில டர்னிப் கிழங்குகளை எடுத்தமைக்காகச் சிறை சென்றார். குடும்பம் ஆதரவற்றோர் விடுதியில் சேர்க்கப்பட்டது. சிறுவனாகக் காகம் விரட்டி முதல் கூலி பெற்ற எட்வர்ட்ஸுக்கு, திருமணத்துக்குப் பின் மனைவி ஷார்லட்தான் எழுத்தறிவித்தார். 1906ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் லிபரல் கட்சியை ஆதரித்ததற்காகத் தொழிலாளர் சிலர் வேலையையும் வீட்டையும் இழந்தபோது, அவ்வாண்டு ஜூலையில் நார்த் வால்ஷம் நகரில் கூடிய மாநாட்டில் அவர் புதிய சங்கம் ஒன்றைத் தொடங்கினார். பின்னாளில் நாடு தழுவிய வேளாண் தொழிலாளர் சங்கமாக வளர்ந்த அமைப்பு இன்று இந்தத் தொகுதியில் அடங்கிய சந்தை நகரொன்றில் பிறந்தது என்பதே வட நார்ஃபோக்கின் அரசியல் வரலாற்றில் தலையாய செய்தி.

1910இல் இத்தொகுதியில் லிபரல் வேட்பாளராக வென்ற நோயெல் பக்ஸ்டன், அடிமைமுறை ஒழிப்புக்காக நாடாளுமன்றத்தில் போராடிய தாமஸ் ஃபவல் பக்ஸ்டனின் கொள்ளுப்பேரன். 1918இல் தோற்ற அவர் தொழிற்கட்சியில் சேர்ந்து 1922இல் மீண்டும் வென்றார். கட்சி மாறிய பெருங்குடும்பத்தவர் ஒருவரைத் தொழிலாளர் ஏற்றுக்கொண்டதற்கு அப்போதைய சூழலும் காரணமாக இருந்தது. முதல் உலகப்போரின்போது, 1917ஆம் ஆண்டுத் தானிய உற்பத்திச் சட்டம் பண்ணையாருக்கு விலை உறுதியும் தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலியும் வழங்கியிருந்தது. 1921இல் அரசு அச்சட்டத்தைக் கைவிட்டது. வாரத்துக்கு 46 ஷில்லிங்காக உயர்ந்திருந்த கூலி ஏறக்குறைய பாதியாகச் சரிந்து, மேலும் குறைக்கப்படும் நிலை வந்தபோது, 1923ஆம் ஆண்டு வசந்தகாலத்தில் நார்ஃபோக் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். விதைப்புப் பருவத்தில் கலப்பைகள் நின்றன; வெளியாட்களைக் கொண்டு வேலை செய்த பண்ணைகளுக்குக் காவல் போடப்பட்டது. 50 மணிநேர வாரத்துக்கு 25 ஷில்லிங் என்ற அளவில் உடன்பாடு எட்டப்பட்டாலும், முன்னின்ற பலரை அதன்பின் எவரும் வேலைக்கு எடுக்கவில்லை. 1924இல் முதல் தொழிற்கட்சி அரசில் வேளாண் அமைச்சரான பக்ஸ்டன், கவுண்டிதோறும் கூலி நிர்ணயக் குழுக்களை ஏற்படுத்தும் சட்டத்தைக் கொண்டுவந்தார். அவர் 1930இல் பிரபுக்கள் அவைக்குச் சென்றதும் இடைத்தேர்தலில் அவர் மனைவி லூசி வென்றார். மறு ஆண்டு கன்சர்வேட்டிவ் வேட்பாளரிடம் தொகுதி போயிற்று.

1945இல் தொகுதியை மீட்ட எட்வின் கூச், 1928 முதல் வேளாண் தொழிலாளர் சங்கத்தின் தலைவராக இருந்தவர். 1964இல் இறக்கும் வரை இரு பொறுப்புகளையும் வகித்தார். அவர் ஆதரித்த 1947ஆம் ஆண்டு வேளாண்மைச் சட்டம் பண்ணையாருக்கு விலை உறுதி அளித்தது. அந்த உறுதியை நம்பிப் பண்ணையார்கள் டிராக்டரும் கூட்டு அறுவடை இயந்திரமும் வாங்கினர். குதிரைகளோடு குதிரைக்காரர்களும், கிழங்கு வயலின் கூலியாட்களும் நிலத்தைவிட்டு நீங்கினர். தொழிலாளருக்கும் நன்மை தந்த ஒரு கொள்கை அவர்களின் எண்ணிக்கையையே கரைத்துவிட்டது. 1964இல் கூச்சின் இடத்தில் நின்ற சங்கப் பொறுப்பாளர் பெர்ட் ஹேசல் 53 வாக்கு வித்தியாசத்திலும், 1966இல் 737 வாக்கு வித்தியாசத்திலும் வென்றார். 1970இல் விவசாயியான கன்சர்வேட்டிவ் வேட்பாளர் ரால்ஃப் ஹவெலிடம் தோற்றார். அதன்பின் தொழிற்கட்சி இங்கு ஒருமுறையும் வெல்லவில்லை. வேலையோடு வீட்டையும் பறிக்கும் முறைக்கு எதிராகச் சங்கம் பல பத்தாண்டுகள் கேட்ட பாதுகாப்பு, தொகுதி கைவிட்டுப்போன ஆறாண்டுகளுக்குப் பின், 1976இல்தான் சட்டமாயிற்று.

வயலை விட்டவர்களின் இடத்தைக் கடற்கரைக்கு வந்தவர்கள் நிரப்பினர். நண்டுக்குப் பேர்பெற்ற குரோமர், ஷெரிங்கம் ஆகிய ஊர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரயில் வந்ததும் விடுமுறைத் தலங்களாயின. பின்னர் ஓய்வுபெற்றோர் வந்து குடியேறினர். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வட நார்ஃபோக் மாவட்டத்தின் மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் 65 வயதைக் கடந்தவர். கூலியைச் சுற்றி இருந்த தேர்தல் பேச்சு முதியோர் பராமரிப்பு, பேருந்து வசதி, கடலரிப்பு, வெளியூரார் வாங்கிப்போடும் விடுமுறை வீடுகள் என்று மாறிற்று. 2001இல் 483 வாக்கு வித்தியாசத்தில் வென்ற லிபரல் டெமாக்ரட் வேட்பாளர் நார்மன் லேம் 2019 வரை தொகுதியைத் தக்கவைத்தார். அவ்வாண்டு கன்சர்வேட்டிவ் கட்சி பெற்ற இடத்தை, 2024இல் லிபரல் டெமாக்ரட் கட்சி மீட்டது.

1924ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த வேளாண் கூலி வாரியம், கன்சர்வேட்டிவ், லிபரல் டெமாக்ரட் கட்சிகளின் கூட்டணி அரசால் இங்கிலாந்தில் 2013இல் கலைக்கப்பட்டது. அப்போது லேம் அவ்வரசில் ஓர் அமைச்சர். ஸ்காட்லாந்து தன் வாரியத்தை வைத்துக்கொண்டது. வேல்ஸ் தனக்கெனச் சட்டம் இயற்றிக் கூலி நிர்ணயத்தைத் தொடர்ந்தது. அந்த உரிமைக்காக அதிகம் இழந்தவர்களின் வயல்களில் அது இன்று இல்லை.